ஜியு-ஜிட்சுவில் ஃப்ளோ: பல வருடப் பயிற்சியில் எனக்குக் கை கொடுத்தவை

தரையில் பிடித்து மடக்கும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகுகிறவர்கள், வெள்ளைக்கு அடுத்த ப்ளூ பெல்ட் வாங்கும் சமயத்தில் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எல்லாரும் சொல்லும் அந்த ஃப்ளோ எனக்கு எப்போது வரும்? யோசிப்பதற்கு முன்பே உடம்பு நகர்ந்துவிடும், மணி அடித்த பிறகுதான் ரவுண்டு முடிந்ததே தெரியும். அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் பல வருடங்களாகப் பழகுகிறேன், பெரும்பாலும் கி என்ற தடித்த பயிற்சி உடை அணிந்து. இப்போது பர்ப்பிள் பெல்ட், ப்ளூவுக்கு அடுத்தது. ஃப்ளோ கூப்பிட்டால் வராது. ஆனால் அது வருவதற்கான இடத்தை நம்மால் ஒழுங்கு பண்ணி வைக்க முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 1970களில் மலையேறுபவர்கள், செஸ் ஆடுபவர்கள், நடனக்காரர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஆகியோரிடம் பேசி இந்த நிலையை ஆராய்ந்தார். அவர் கண்டவற்றில் மூன்று முக்கியம்: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்பது அப்போதே தெரிய வேண்டும், வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் ஜியு-ஜிட்சுவில் தானாகவே கிடைத்துவிடும். பிடி நழுவியதா இல்லையா என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதுதான் கஷ்டம். எனக்கு மேலே இருக்கும் ப்ரவுன் பெல்ட்டிடம் மாட்டினால் உயிர் பிழைப்பதே வேலையாகிவிடும். நேற்றுச் சேர்ந்தவரோடு உருண்டால், அதாவது பயிற்சிச் சண்டை போட்டால், மனசு எங்கேயோ போய்விடும்.

எனக்கு இந்தச் சமநிலையைக் கொண்டுவந்தது பொசிஷனல் ஸ்பாரிங். முழு ரவுண்டு போடாமல் ஒரே நிலையில் தொடங்கி, ஒரே வேலையோடு, சின்னச் சின்ன ரவுண்டுகளாகப் போடுவது. நான் அதிகம் போட்டது ஹாஃப் கார்டு. கீழே பக்கவாட்டில் படுத்திருக்கிறேன், மேலே இருக்கும் பார்ட்னருடைய ஒரு கால் என் இரண்டு கால்களுக்கு நடுவில். அவர் தோளை என் தாடையில் வைத்து அழுத்தி, என் முதுகைத் தரையில் ஒட்டப் பார்க்கிறார். எனக்கு ஒரே வேலைதான்: அவருடைய அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து எழுவது. கை நுழைந்ததும் முழங்கையை ஊன்றுகிறேன், பிறகு முழங்காலுக்கு வருகிறேன். அவர் என் கையை மேலிருந்து வளைத்துப் பிடித்து மொத்த எடையையும் என் மேல் தள்ளுகிறார். அந்த எடை வரும் அதே நொடியில் நான் அவருக்கு அடியில் புகுந்து உருள்கிறேன். இதை யோசித்துச் செய்தால் எப்போதும் அரை நொடி பிந்திவிடும். எடை வருவதை மார்பிலும் தோளிலும் உணர்ந்து உருண்டால் மட்டுமே அவர் புரள்வார். அப்படிப் புரண்ட நாட்களில்தான் ஃப்ளோ எனக்கு முதலில் கிடைத்தது.

பார்ட்னரும் முக்கியம். என் எடைக்குப் பக்கத்தில், என் அளவுக்கு அனுபவம் உள்ள, தோற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இரண்டு மூன்று பேரோடு திரும்பத் திரும்ப உருண்டேன். நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் உடம்பு இளகும். அந்த நம்பிக்கையைத் தருவது டேப், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவது. டேப் அடித்தால் அவர் விட்டுவிடுவார் என்று தெரிவதால்தான் முழு பலத்தோடு போட முடிகிறது. 1882இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, எதிர்ப்போடு கூடிய பயிற்சியை ஜூடோவின் மையத்தில் வைத்தார். அவருடைய பள்ளியில் வளர்ந்த மிட்சுயோ மாயெடா 1914இல் பிரேசிலுக்குப் போனார், பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் முன்னோடியான கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். நூறு வருடம் தாண்டியும் அந்த டேப்பின் மேல்தான் எங்கள் வகுப்பு நிற்கிறது.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்தம் வரும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், உடனே கை இறுகும். உள்ளே இழுப்பதை மறந்துவிட்டு வெளியே விடுவதை மட்டும் கவனித்தேன், நீளமாக, வாய் வழியாக. சில மாதங்களில் காலர் பிடியும் தேவையான அளவுக்கே இறுகியது. ரவுண்டு முடிவில் முன்னங்கை மரத்துப்போவதும் நின்றது. வீடியோவில் பார்த்த புது டெக்னிக்கை அன்றைக்கே முயன்றால் மனம் அதிலேயே மாட்டிக்கொள்ளும், ஃப்ளோ வராது. இருவரும் எதிர்ப்பே காட்டாமல் மெதுவாக உருள்வதும் அப்படித்தான். உடம்பைச் சூடேற்ற நல்லது, அதற்கு மேல் இல்லை.

போட்டி வேறு கதை. ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி ஸ்வீப்புக்கு (கீழிருந்து எதிராளியைப் புரட்டி மேலே வருவது) 2, கார்டு பாஸுக்கு (அவருடைய கால்களைத் தாண்டிப் போவது) 3, மவுண்டுக்கு (அவர் மேல் ஏறி உட்காருவது) 4 புள்ளி. அடல்ட் பிரிவில் ஒரு ஆட்டம் ப்ளூ பெல்ட்டுக்கு 6 நிமிடம், பர்ப்பிளுக்கு 7. மனசு புள்ளியையும் கடிகாரத்தையும் எண்ணத் தொடங்கினால் அவ்வளவுதான். பயிற்சியில் வருவதில் கொஞ்சம்தான் எனக்கு அங்கே வருகிறது, அதுவும் முதல் ஆட்டம் முடிந்த பிறகு.

ஒரு எச்சரிக்கை. ஃப்ளோவில் இருக்கும்போது வலி தெரியாது. கியைப் பிடித்துப் பிடித்து விரல் மூட்டுகள் வீங்கியிருப்பது குளிக்கும்போதுதான் தெரியும். விரலுக்கு ஒட்டு நாடா சுற்றிக்கொண்டு போங்கள். ஹீல் ஹூக்கில் ஆபத்து இன்னும் பெரிது. அது குதிகாலைப் பிடித்துத் திருகி முழங்கால் தசைநாரைக் குறிவைக்கும் பூட்டு. வலி வருவதற்குள் காயம் வந்துவிடலாம். அங்கே வலிக்காகக் காத்திருக்காதீர்கள், குதிகால் மாட்டியதும் டேப் அடியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வருடத்தில் இதைத் தேட வேண்டாம். மவுண்டிலிருந்தும், எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அழுத்தும் சைடு கண்ட்ரோலிலிருந்தும் தப்பிக்கத் தெரிந்த பிறகுதான் மனசு பயத்தை விடும். அதற்கு மேல் ஒரே நிலையை எடுத்து, பிடித்த பார்ட்னரோடு சின்ன ரவுண்டுகள் போட்டுப் பாருங்கள். நான் இப்போது இதே முறையில், கீழிருந்து எதிராளியின் காலில் என் காலைக் கொக்கியாக மாட்டும் டி லா ரிவா கார்டைப் பழகுகிறேன். கால் கொக்கி எப்போது தளர்கிறது என்பது இன்னும் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. பாதத்திலேயே தெரியும் வரைக்கும் ஹாஃப் கார்டு அளவுக்கு அது வராது.