பிஎச்பியிலிருந்து ஜாங்கோவுக்கு: ரெண்டு தரம் வெட்டிய உரக்கடன்

இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஒருவருக்கு 2014இல் கணக்குச் செயலி ஒன்று எழுதிக் கொடுத்தேன். எழுதிய மொழி பிஎச்பி, தரவை வைக்க மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம், கடையில் ஒரு பழைய கணினி. யார் எத்தனை கிலோ போட்டார், உரத்துக்கு எவ்வளவு முற்பணம், மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு, அவ்வளவுதான். எட்டு வருடம் ஓடியது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஒரு மாலை கொடுப்பனவு போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வந்ததும் மறுபடி போட்டோம். மறுநாள் ஒரு அக்கா கொப்பியோடு வந்து நின்றார். “தம்பி, ஒரே உரக்கடனை ரெண்டு தரம் வெட்டியிருக்கீங்களே.”

உண்மைதான். முதல் தடவை 4,000 ரூபாய் கழிவு அட்டவணையில் ஏறிவிட்டது, கொடுப்பனவு வரி ஏறவில்லை. மறுபடி போட்டபோது இன்னொரு 4,000 விழுந்தது. நான் ஏதோ பழைய பாடத்தைப் பார்த்து அட்டவணைகளை மைஎஸ்கியூஎல்லின் மைஐசாம் என்ற வகையில் செய்திருந்தேன். அதில் டிரான்சாக்ஷன் கிடையாது, அதாவது பல வரிகளை ஏறினால் எல்லாம், இல்லாவிட்டால் எதுவுமில்லை என்று கட்ட முடியாது. டிரான்சாக்ஷன் உள்ள இன்னோடிபி வகையில் இருந்திருந்தாலும், இரண்டு வரிகளையும் ஒரே டிரான்சாக்ஷனில் கட்டியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. பழியை பிஎச்பி மேல் போட்டால் பாவம்.

ஆனாலும் மொழியை மாற்றினேன். தரவுத்தளத்தோடு பேச முழுக்க மைஎஸ்கியூஎல்_கொயரி என்ற பழைய செயற்கூறை வைத்தே எழுதியிருந்தேன். பிஎச்பி 7இல் அந்த வகைச் செயற்கூறுகளையே தூக்கிவிட்டார்கள். எப்படியும் திருப்பி எழுதத்தான் வேண்டும். சரி, பைதான் மொழியிலேயே எழுதுவோம் என்று, அதில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் எடுத்தேன்.

பைதான் ஆறு வாரத்தில் கைக்கு வந்தது. ஒன்று பிடித்துப்போனது: ‘கொழுந்து’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பிஎச்பியின் எஸ்டிஆர்லென் என்ற செயற்கூறு, சேமிக்கப் பிடிக்கும் பைட்டுகளை எண்ணி 24 என்னும். பைதான் எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியாக எண்ணி 8 என்னும். நாம் எண்ணினால் 4தான், ஆனாலும் 8ஐ வைத்துச் சமாளிக்கலாம்.

போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. பழைய தரவை ஏற்றப் போனால், 0000-00-00 என்று கிடந்த தேதிகளை வாங்கவே மாட்டேன் என்றது. மைஎஸ்கியூஎல் எட்டு வருடம் சத்தமில்லாமல் விழுங்கிய குப்பை. ஒவ்வொன்றாகக் கொப்பியைப் பார்த்துத் திருத்த இரண்டு வாரம் போனது. எடையை ஃப்ளோட் என்ற, தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில் வைத்திருந்ததால் மாதக் கூட்டலில் சதம் இடித்துக்கொண்டே இருந்தது. தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமலுக்கு மாற்றியதும் நின்றது. கொடுப்பனவு இப்போது அட்டாமிக் என்ற, ஜாங்கோவின் டிரான்சாக்ஷன் கட்டுக்குள். நடுவில் கரண்ட் போனால் எதுவுமே ஏறாது.

குறையும் உண்டு. தரவுத்தளக் கேள்விகளைத் தானே எழுதித் தரும் ஜாங்கோவின் ஓஆர்எம்மை நம்பி எழுதிய பட்டியல் பக்கம், 180 பேருக்கு 181 கேள்விகளைத் தரவுத்தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தொடர்புள்ள தரவையும் ஒரே கேள்வியில் எடுக்கும் செலக்ட்_ரிலேடட் போடும்வரை காரணமே புரியவில்லை. அப்புறம், பிஎச்பியில் கோப்பைப் போட்டால் ஓடும். இங்கே செயலியை ஓட்டும் கூனிகார்ன், அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் எல்லாம் அமைத்து, ஒரு வரி மாற்றினாலும் திரும்பத் தொடக்க வேண்டும். தனியாளுக்கு அது தலையிடிதான்.

மழை பிடித்துக் கரண்ட் போகும் நாட்களில் இன்றும் முதலில் கொப்பியில்தான் எழுதுகிறார்கள். கரண்ட் வந்ததும் பார்த்து ஏற்றுகிறோம்.