சிலேட்டில் எழுதிய சைனா காய்: கோத்தகிரியில் ஒரு காய்கறிக் கடை

கோத்தகிரி கடைவீதியில் நாங்கள் வாடிக்கையாகக் காய் வாங்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் சிலேட்டில் அன்றன்றைய விலையை எழுதியிருப்பார்கள். அதன் அடியில், மற்ற வரிகள் எத்தனை முறை அழிக்கப்பட்டாலும் அழியாமல், ‘சைனா காய் கிடைக்கும்’ என்ற வரி மட்டும் நிலையாக இருக்கும். சென்ற ஆண்டு இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் அந்த வரியைப் படித்துக் காட்டித்தான் என் கணவரை உள்ளே அழைத்துச் சென்றேன். அவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்காரர். குன்மிங் நகரில் பிறந்து வளர்ந்தவர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் மிதமான குளிரோடு இருப்பதால் ‘வசந்த நகரம்’ என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. நீலகிரியில் வந்து இறங்கிய அன்றே காற்றை மோந்துவிட்டு, இது தன் ஊர்தான் என்று சொன்னவர், சைனா காய் என்று கேட்டதும் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தட்டில் இருந்தவை புரூக்கோலி, சுகுனி, செல்லரி, லீக்ஸ், ஐஸ்பெர்க் லெட்யூஸ், சிவப்பு முட்டைகோஸ், சைனீஸ் கேபேஜ், பாக்சாய் என்னும் சீனக் கீரை ஆகிய எட்டும். நீலகிரியில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் போன்றவற்றை இங்கிலீஷ் காய்கறி என்றும், ஓட்டல்களுக்காகப் பிற்பாடு பயிரிடத் தொடங்கிய இந்த வகைகளைச் சைனீஸ் காய்கறி என்றும் விவசாயி முதல் மண்டிக்காரர் வரை சொல்லிப் பழகிவிட்டார்கள். ஃபிரைடு ரைஸுக்குள் போவதெல்லாம் சைனாவிலிருந்து வந்ததுதானே என்ற கணக்காக இருக்கலாம். என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புரூக்கோலிக்கு அவர்கள் மொழியில் ஷீலான்ஹுவா என்று பெயர், சுகுனிக்கு ஷீஹூலு, இந்தத் தடித்த தண்டுச் செல்லரிக்கு ஷீச்சின். மூன்றிலும் முன்னால் நிற்கும் ‘ஷீ’ என்பதற்கு மேற்கு என்று பொருள். ஷீஹூலு என்றால் மேற்கத்திய சுரைக்காய், அவ்வளவுதான். நாம் சைனா என்று எழுதிவைத்திருக்கும் காய்களை அவர்கள் மேனாட்டுக் காய் என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். எட்டில் இரண்டே இரண்டைத்தான், சைனீஸ் கேபேஜையும் பாக்சாயையும்தான், அவர் தன் வீட்டுக் காய் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த இரண்டின் தரத்தை அவர் சொல்லைக் கொண்டே பதிவுசெய்கிறேன். கேபேஜ் நன்றாக இருக்கிறது. தலை இறுகி, கையில் கனமாக, வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்கிறது, சூப்பில் போட்டால் இனிக்கிறது. பாக்சாய் பெரும்பாலும் முற்றிவிட்டது. அடித்தண்டு நார்நாராக வருகிறது. எனக்கு இந்த வேறுபாடு முதல் சில மாதங்களில் பிடிபடவே இல்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் என் கைக்கு, பாக்சாயின் எந்த இடத்தில் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதே தெரியவில்லை. தண்டு குடத்தின் வயிறு போலப் பருத்துத் தொடங்கும் இடத்தில், வெளிப்புறமாக அழுத்த வேண்டும். நகம் தடையின்றி இறங்கினால் எடுக்கலாம்.

இந்தக் கடையில் எனக்கு வாய்த்த முதல் அதிர்ச்சி லெட்யூஸ்தான். பச்சையாகத் தின்பதற்கென்றே உள்ள இலை என்று நான் நினைத்திருந்ததை அவர் வாணலியில் போட்டார். சூடான எண்ணெயில் தட்டிய பூண்டு, கொஞ்சம் சோயா சாஸ், கையால் கிழித்த இலை. ஒரு நிமிடம்கூட ஆகாது. சீன மொழியில் லெட்யூஸுக்கு ஷெங்சாய் என்று பெயர், அதற்குப் பச்சைக் கீரை என்றே பொருள். பச்சை என்று பெயர் வைத்துவிட்டு ஏன் வதக்குகிறீர்கள் என்று கேட்டேன். பச்சையாகத் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும் என்று என் பாட்டியின் தொனியிலேயே பதில் வந்தது. விளிம்பில் வாடியும் நடுநரம்பில் நறுக்கென்றும் இருக்கும் அந்தச் சூடான இலையை முதல் வாரம் கடமைக்காக உண்டேன். இப்போது ஐஸ்பெர்க் வாங்கினால் சாலட் செய்வதே இல்லை.

ஆனால் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது சைனா காய்த் தட்டினால் அல்ல. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, கடையின் பின்பக்கச் சாக்கு ஒன்றின் அருகே என் கணவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். உள்ளே, தோட்டத்திலிருந்து மேரக்காய் ஏற்றி வந்தபோது கூடையில் அடியணைப்பாகப் போட்ட மேரக்காய்க் கொடி, சுருள் சுருளாகப் பற்றுக்கம்பிகளோடு கிடந்தது. அதற்கு மேல், பூ விட்டுவிட்டதால் விற்காது என்று கழித்த பாக்சாய்ச் செடிகள். கடைக்காரம்மா பதறிப்போய், “அதெல்லாம் மாட்டுக்குப் போடறதுங்க, தொடாதீங்க சார்” என்றார். அவரோ கொடியின் நுனியை ஒரு சாண் அளவுக்கு ஒடித்து, ஒடிந்த இடத்தை என்னிடம் காட்டினார். ‘டக்’ என்று ஒடிந்தது, நார் இழுபடவில்லை, வெட்டுவாயில் நீர் துளிர்த்தது.

சமவெளியில் சௌசௌ என்றும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் வழங்கும் காய்தான் இங்கே மேரக்காய். சீமைக் கத்தரிக்காய் என்ற பெயரும் அதற்கு உண்டு. சீன நூல்மொழியில் புத்தரின் கை என்று பொருள்படும் ஃபோஷோகுவா என்று அழைக்கிறார்கள். மூடிய விரல்களைப் போல மடிப்பு விழுந்த அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். யுன்னானில் அதைக் கொஞ்சமும் பக்தியில்லாமல் யாங்குவா என்பார்களாம். யாங் என்றால் கடல் கடந்து வந்தது, குவா என்றால் சுரை, பூசணி இனத்துக் காய். நாம் சீமை என்று சொல்வதும் அவர்கள் யாங் என்று சொல்வதும் ஒன்றேதான். மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் பிறந்த கொடி இரண்டு மலைநாடுகளுக்கும் விருந்தாளியாக வந்து, இங்கே காயை மட்டும் கொடுத்திருக்கிறது. அங்கே கொழுந்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

கொழுந்தைச் சமைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் முறை நான் கெடுத்துவிட்டேன். பற்றுக்கம்பிகளில் முற்றியவற்றைக் கிள்ளி எறிய வேண்டும். தண்டின் மேல்தோலை, கீரைத்தண்டுக்குச் செய்வதைப் போல, ஒடித்து நாரோடு இழுத்து உரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அப்படியே வதக்கினால் தொண்டையில் மயிர் போலச் சிக்கும். உரித்ததைக் கொதிநீரில் அரை நிமிடம் அமுக்கி எடுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் போட்டு வதக்கினால், பிஞ்சு பீன்ஸின் மணமும் பூசணிக் கொழுந்தின் வழவழப்பும் சேர்ந்த ஒரு சுவை வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அம்மா அதையே பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டாக்கினார். மாமியாரின் கூட்டுத்தான் மேல் என்று மருமகன் தீர்ப்பளித்ததில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மரியாதை என்பதை நான் ஆராயவில்லை. பூத்த பாக்சாய்க்கும் இதே மதிப்புத்தான்: அவர்களுக்குக் கீரையில் உயர்ந்த பகுதியே மொட்டோடு கூடிய அந்த நடுத்தண்டு. விரியாத மஞ்சள் மொட்டுகளோடு இரண்டு நிமிடம் வதக்கினால் கடுகின் மெல்லிய காரம் நாக்கில் நிற்கிறது.

உருளைக்கிழங்கில் மட்டும் வீட்டில் சமாதானம் ஏற்படவில்லை. இந்தக் கடையில் சேற்றோடு வரும் ஊட்டிக் கிழங்கு மிக நன்றாக இருக்கும். அதைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவி, மாவுச்சத்து போகும்வரை தண்ணீரில் அலசி, வினிகரும் மிளகாயும் போட்டு, நறுக்கென்ற பதம் மாறுவதற்குள் இறக்குவது அவர் ஊர் வழக்கம். “கிழங்கு இன்னும் வேகலையே மாப்பிள்ளை” என்றார் அம்மா. வேகக் கூடாது என்பதுதான் அதன் இலக்கணம் என்று மொழிபெயர்த்தேன். அம்மா தன் பங்கை மெதுவாக என் தட்டுக்கு மாற்றினார். நானும் இதுவரை அம்மா கட்சிதான்.

பழங்களில் மரத்தக்காளியை விட்டுவிட வேண்டாம். ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் அதை ஆப்பிளைப் போலக் கடித்துவிட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். கசக்கும் தோலோடு தின்கிற பழம் அன்று அது. யுன்னானின் தெற்குப் பகுதியில் அதைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி, உப்போடு இடித்துத் தொட்டுக்கொள்வார்கள். நம் வீட்டுச் சுட்ட தக்காளித் துவையலுக்கு உறவுமுறை சொல்லலாம். புளிப்பு இன்னும் கூர்மையாக இருக்கும், நிறம் கருஞ்சிவப்பு. இட்லிக்கு மிகப் பொருத்தம்.

மழைக்காலத்தில் உள்ளூர்ப் பேரிக்காய் குவிந்திருந்தபோது ஒன்றை வாங்கிக் கடை வாசலிலேயே பாதி வெட்டிக் கணவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சீனத்தில் பேரியைப் பங்கிடுதல் என்று சொன்னாலும் பிரிவு என்று சொன்னாலும் காதில் ஒரே மாதிரி விழுமாம்; அதனால் கணவன் மனைவி ஒரு பேரிக்காயைப் பகிர்ந்து உண்பதில்லை. இன்னொரு முழுப் பேரிக்காய்க்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். நம் ஊரில் உப்பை நேராகக் கையில் கொடுக்கத் தயங்குபவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வழியில்லை. கல் போல் இருந்த மீதிக் காய்களை, தலையைச் சீவிக் குடைந்து, உள்ளே கற்கண்டு போட்டு, இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்தார். இருமலுக்கு அங்கே வீட்டு வைத்தியம் இதுவே. இருமல் போயிற்றோ இல்லையோ, அடியில் தேங்கிய பாகை நான் கரண்டியால் வழித்துக் குடித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காளானை இங்கே வாங்காதீர்கள். இரண்டு முறை பொட்டலத்தின் அடியில் கறுத்தவை இருந்தன, கேட்டதற்கு மாற்றித் தந்தார்கள் என்றாலும் மூன்றாம் முறை நான் கேட்கும் நிலையில் இருக்க விரும்பவில்லை. கீரைகளைப் புதிதாகக் காட்டத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதால் எடையில் தண்ணீரும் சேர்கிறது. உதறிய பிறகு நிறுக்கச் சொல்லுங்கள், சொன்னால் செய்கிறார்கள். சுகுனி முழங்கை அளவுக்கு முற்றிய பிறகே வருகிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப்பை இல்லாமல் போனால் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள், ஈரக்கீரையோடு அது பேருந்து நிலையம் வரைகூடத் தாங்காது. வர்க்கியும் கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. நமத்துப்போனது, பேக்கரியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரம்மாவின் பொறுமைக்குத் தனியே மதிப்பெண் தர வேண்டும். சீனர் ஒருவர் காய்கறியில் மூக்கை நுழைப்பதை ஊரார் வேடிக்கை பார்த்த நாட்களில் அவர் மட்டும் இயல்பாக, இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். இந்த மலைக்கு அது அவ்வளவு புதிதும் அன்று. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில், மலாய்க் கரையோரப் பிரித்தானியக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு இங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட சீனர்களின் சிறு குடியிருப்பைக் கண்டதாக மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளிவந்த தம் தொகுதிகளில் எழுதியிருக்கிறார். அவர்கள் பிழைப்புக்குப் பயிரிட்டவை காய்கறியும் காப்பியும். அந்த வீடுகளில் யார் யாருக்கு எதைச் சமைத்துக் காட்டினார்கள் என்பதை அவர் எழுதாமல் போனதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

மேரக்கொழுந்தை முதல் மாதம் எங்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். பிறகு கட்டாகக் கட்டிப் பத்து ரூபாய் வாங்கினார்கள். நாரை உரித்துத் தருவதில்லை என்பதால் அந்த விலை நியாயம். சென்ற மாதம் சிலேட்டில், சைனா காய் வரிக்கு மேலே, ‘மேரக்கொழுந்து கட்டு 20’ என்று புதிதாக எழுதியிருந்தது. இரட்டிப்பு விலை எங்களால் வந்த வினையோ என்று கேட்டதற்கு, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அசாம் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள், அவர்கள் ஊரிலும் இது உண்டாம் என்றார் கடைக்காரம்மா. போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனபோது ஒரு கட்டுக்கூட மிச்சமில்லை. வேண்டுபவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது.