பழைய பென்ஷன் vs என்பிஎஸ்: எங்க வீட்லயே ரெண்டும் இருக்கு

அப்பாவும் மத்திய அரசு வேலை, நானும் அதான், ஆனா 2004 ஜனவரி 1க்கு அப்புறம் சேர்ந்ததால எனக்கு என்பிஎஸ், அதாவது சம்பளத்துல பிடிச்ச பணத்த மார்க்கெட்ல போடுற புது பென்ஷன் திட்டம்.

அப்பாவுக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்துல பாதி பென்ஷன், மேல டிஏ (விலைவாசிக்காகத் தர்ற அகவிலைப்படி) வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏறும், 80 வயசானா இன்னும் 20 சதவீதம் கூடும், அவருக்கப்புறம் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன், இவ்ளோக்கும் பென்ஷனுக்குன்னு அவர் சம்பளத்துல ஒரு பைசா பிடிச்சதில்ல. எனக்கு மாசாமாசம் 10 சதவீதம் பிடிக்கிறாங்க, அரசாங்கம் 14 போடுது, ரிட்டயர் ஆகும்போது சேர்ந்த பணத்துல 60 சதவீதம் வரைக்கும் கைல, மீதி 40ல கண்டிப்பா ஆன்யூட்டி (மொத்தமா பணத்தக் கட்டினா மாசாமாசம் பென்ஷன் தர்ற இன்சூரன்ஸ் திட்டம்) வாங்கணும். அதுல டிஏ கிடையாது. மார்க்கெட் விழுந்தா சேர்த்ததும் குறையும்.

மாசக் கடைசில அப்பா போன்ல மெசேஜ் வந்ததும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, யார்கிட்டயும் கேக்காம பிரஷர் மாத்திரை வாங்கக் கிளம்பிடுவாரு, அந்த நிம்மதி எனக்கும் வேணும்ங்க.

“உங்க காலத்துல சம்பளம் எவ்ளோ, எங்க காலத்துல எவ்ளோ”ன்னு அப்பா சண்டைக்கு வருவாரு. சம்பளம் கூடுனது உண்மைதான். 2025 ஏப்ரல்ல வந்த யுபிஎஸ்ல (ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம்) 25 வருஷ சர்வீஸுக்கு அடிப்படைச் சம்பளத்துல பாதி பென்ஷன் உறுதின்னாலும் 10 சதவீதப் பிடித்தம் போகல, என் ஓட்டு பழைய பென்ஷனுக்குத்தான்.