டி.16000எம் ஜாய்ஸ்டிக்: கர்வ்ல கை வைக்க முன்னாடி பலகைய பாருங்க

மொதல்லயே சொல்லிர்றேன், த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்ட நல்ல ஸ்டிக், தாராளமா வாங்கலாம். ஆனா வாங்கி மேசைல வச்சு நேரா டிசிஎஸ்ங்கிற பிளேன் ஓட்டுற கேம்ல எப்-18 போர் விமானத்துல ஏறுனீங்கன்னா ஒரே வாரத்துல வெறுத்துரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. அதுக்கு காரணம் ஸ்டிக்கும் இல்ல கேமும் இல்ல, நான் அத வச்சிருந்த எடம். இத கண்டுபுடிக்கவே எனக்கு அஞ்சு மாசம் போச்சு, வேற யாருக்கும் அப்படி போகக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீட்டா எழுதுறேன்.

நான் இருக்குறது இலங்கை மலையகத்துல அட்டன் பக்கம். இதுக்கு முன்னாடி ஒரு மலிவு ஸ்டிக் வச்சிருந்தேன், பேரு வேணாம். அதுக்குள்ள இருந்தது பழைய ரேடியோல வால்யூம் திருகுற எடத்துல இருக்குமே அதே மாதிரி சாமான், ஒரு தகடு மேல இன்னொரு தகடு ஒரசிக்கிட்டே போகும். ரேடியோ பழசானா வால்யூம் திருப்புறப்ப கரகரன்னு சத்தம் வரும்ல, அந்த வியாதி இதுக்கும் வந்துச்சு. நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் செருப்பே பூஞ்சணம் புடிக்குது, இது எம்மாத்திரம். கைய எடுத்துட்டாலும் பிளேன் தானா எடது பக்கம் சாயும், டெட்சோன், அதாவது நடுவுல ஸ்டிக் அசைஞ்சாலும் கேம் கண்டுக்காத எடம், 5 வச்சேன், 8 வச்சேன், 12 வரைக்கும் போனேன், கடைசில நடுவுல ஸ்டிக்க எவ்வளவு அசைச்சாலும் பிளேன் சும்மா இருக்கும், பொறகு திடீர்னு துள்ளும்.

டி.16000எம்ல மெயின் ரெண்டு ஆக்ஸிஸும், அதாவது முன்ன பின்ன, எடது வலதுன்னு ஸ்டிக் அசையுற ரெண்டு திசையும், காந்தம். ஹால் எபெக்ட் சென்சர்னு சொல்வாங்க. காந்தம் அசையும், சென்சர் அத தொடாமலே எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கும், ஒரசுறதுக்கு ஒண்ணும் இல்ல அதனால தேயுறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு ஆக்ஸிஸுக்கு 16,000 படி, அதாவது மூச்சு விட்டாகூட தெரியும்ங்கிற அளவு. நான் செகண்ட் ஹேண்ட்லதான் எடுத்தேன், 22,000 ரூவா, இப்ப எட்டு மாசம், டெட்சோன் பூச்சியத்துலயே இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க, கைப்பிடிய திருகுற ட்விஸ்டும் அடில எஞ்சின் பவர கூட்டி கொறைக்கிற த்ராட்டில் சிலைடரும் காந்தம் இல்ல, அது ரெண்டும் பழைய வகைதான், அதனால ட்விஸ்டுக்கு மட்டும் கொஞ்சம் டெட்சோன் குடுத்துருங்க. ட்விஸ்ட் வேணாம்னா பூட்டியும் வைக்கலாம். கைப்பிடி பார்ட்ஸ மாத்தி எடக்கைக்கும் போட்டுக்கலாம், என் தங்கச்சி எடக்கைக்காரி, பத்து நிமிசத்துல மாத்திட்டு அவளும் பறக்குறா.

டிசிஎஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கேமுக்கு காசு இல்ல, கூடவே சு-25டி ஜெட்டும் டிஎப்-51ன்னு ரெண்டாம் உலக யுத்த கால மஸ்டாங்கும் சும்மா கெடைக்கும், காக்கேசஸ் மேப்பும் மரியானா மேப்பும் சும்மா. ஹோர்னெட், அதாவது எப்/ஏ-18சி, காசுக்கு. 80 டாலர் கிட்ட வரும், செயில் நேரம் பாதிக்கு எறங்கும், அவசரப்படாம செயிலுக்கு காத்திருங்க. அதுக்கு முன்னாடி 14 நாள் ட்ரையல் இருக்கு, லீவு நாளா பாத்து அத தொடங்குங்க. டவுன்லோட்தான் பெரிய கஷ்டம். 100 ஜிபிக்கு மேல, எங்க பக்கம் மழ புடிச்சா சிக்னல் படுத்துரும், நான் ராத்திரி டேட்டால பதினோரு ராத்திரி எறக்குனேன். ஹார்ட் டிஸ்க்ல போடாதீங்க, எஸ்எஸ்டி இல்லன்னா மிஷன் லோட் ஆகுறதுக்குள்ள தேத்தண்ணி போட்டு குடிச்சு கோப்பையும் கழுவிரலாம். ரேம் 16 ஜிபி இருந்தா ஓடும், 32 இருந்தா நிம்மதி.

புது ஸ்டிக் சொருகுன ஒடனே செய்ய வேண்டிய வேல ஒண்ணு இருக்கு, இது தெரியாம நெறைய பேரு ஸ்டிக் பழுதுன்னு திட்டுறாங்க. நீங்க எத யூஎஸ்பில சொருகுனாலும் டிசிஎஸ் அதுக்கு தானா பிட்ச் (மூக்கு மேல கீழ), ரோல் (எடது வலது சாய்வு), த்ராட்டில்னு எல்லாத்தையும் கட்டி வச்சிரும். பழைய ஸ்டிக், கேம்பேட் எதாச்சும் கூடவே சொருகி இருந்தா ரெண்டு சாமான் ஒரே ஆக்ஸிஸ இழுத்துக்கிட்டு நிக்கும், பிளேன் பேய் புடிச்ச மாதிரி ஆடும். கண்ட்ரோல்ஸ்ல ஆக்ஸிஸ் பக்கத்துக்கு போயி தேவையில்லாதது எல்லாத்தையும் அழிங்க. த்ராட்டில் தலைகீழா இருந்தா இன்வர்ட் டிக் பண்ணுங்க. இது ஒவ்வொரு பிளேனுக்கும் தனித்தனியா சேவ் ஆகும், ஹோர்னெட்ல செஞ்சது மஸ்டாங்க்கு வராது.

இப்ப கர்வ் கதைக்கு வர்றேன்.

நெறைய நெஜ பிளேன்ல ஸ்டிக் நெட்டையா இருக்கும், காலுக்கு நடுவுல தரையிலருந்து வரும். கை ஒரு இஞ்ச் அசைஞ்சா ஸ்டிக் அடில சின்ன கோணம்தான் மாறும். நம்ம மேசை ஸ்டிக் குட்டை. அதே ஒரு இஞ்சுக்கு பெரிய கோணம். அதனால எல்லாம் தூக்கிப் போடுற மாதிரி இருக்கும். இதுக்கு மருந்துன்னு எல்லாரும் சொல்றது கர்வேச்சர், அதாவது நடுவுல ஸ்டிக்க மந்தமாக்குற கர்வ் செட்டிங், 15 வை 20 வைன்னு. நானும் வச்சேன். ஆனா கர்வ் ஒண்ணும் இலவசமா தராது. ஸ்டிக்க கடைசி வரைக்கும் இழுத்தா பிளேனும் கடைசி வரைக்கும் கேக்கணும்ல, அப்ப நடுவுல புடிச்சு வச்சத அது ஓரத்துல வட்டியோட திருப்பித் தந்துரும். 30 வரைக்கும் ஏத்துனேன். நேரா பறக்குறப்ப சொகமா இருக்கும், கொஞ்சம் வளைக்கணும்னு கை அந்த மெதுவான எடத்த தாண்டுன ஒடனே மூக்கு துள்ளும், நான் எதிர்ப்பக்கம் தள்ளுவேன், அது இன்னும் துள்ளும், அப்படியே மேலயும் கீழயும் ஊஞ்சல் ஆடும்.

இந்த ஊஞ்சல் நெஜ ஆளுங்களுக்கே நடந்துருக்கு, அத வாசிச்சப்பொறகுதான் எனக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு. 1974 ஜனவரி 20, எப்-16 ஓட முன்மாதிரி ஒய்எப்-16 அன்னைக்கு பறக்குற திட்டமே இல்ல, ஓடுபாதைல வேகமா ஓட்டிப் பாக்குற டெஸ்ட் மட்டும்தான். பைலட் பில் ஆஸ்ட்ரீச்சர். அதுல ஸ்டிக் அசையவே அசையாது, கை குடுக்குற அழுத்தத்த மட்டும் அளக்கும், ரோல் கூடின அளவு கூர்மையா வச்சிருந்தாங்க, பிளேன் எடதும் வலதுமா ஆட ஆரம்பிச்சு வால் பக்கம் தரையில ஒரசிருச்சு. ஓடுபாதைலயே வச்சிருந்தா ஒடைஞ்சிரும்னு அவரு மேல எடுத்துட்டாரு, ஆறு நிமிசம் சுத்திட்டு பத்திரமா எறக்குனாரு. பொறகு அந்த கூர்மைய கொறைச்சாங்க, அசையாத ஸ்டிக்குக்கும் பின்னால கொஞ்சோண்டு அசைவு குடுத்தாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களே ஸ்டிக்க கைக்கு ஏத்த மாதிரி திருத்திருக்காங்கன்னா நாம ரெண்டு ராத்திரி ஒக்காந்து திருத்துறது ஒண்ணும் வெட்டி வேல இல்ல.

ஆனா நான் திருத்துனது தப்பான எடத்த. ஒரு நாள் ஆக்ஸிஸ் ட்யூன் விண்டோவ தெறந்து வச்சு கண்ண மூடிக்கிட்டு நேரா பின்னாடி இழுத்துப் பாத்தேன். கண்ண தெறந்தா பிட்ச் மட்டும் இல்ல, ரோலும் வலது பக்கம் போயிருக்கு. நான் நேரான்னு நெனச்சது நேரா இல்ல. மேசை ஒசரம், ஸ்டிக் மானிட்டருக்கு வலது பக்கம், முழங்கை அந்தரத்துல தொங்குது, கைய இழுத்தா அது தோள்பட்ட பக்கமா சாஞ்சுதான் வரும், கையோட பாரம் பூராவும் ஸ்டிக் மேல. அந்த நடுக்கத்துக்குதான் நான் கர்வ் மேல கர்வா ஏத்திக்கிட்டு இருந்துருக்கேன்.

எங்க மச்சான் தச்சு வேல செய்றவரு, அவருகிட்ட சொன்னேன். பழைய கட்டில் பலகை ஒண்ண எடுத்து, கதிரையில ஒக்காந்தா தொடைக்கு நடுவுல வர்ற மாதிரி டி வடிவத்துல வெட்டி, அகலமான பக்கத்துல நான் ஒக்காந்துக்குற மாதிரி, முன் பக்கத்துல ஸ்டிக் அடிய சுத்தி நாலு சின்ன கட்டைய சட்டம் மாதிரி அடிச்சு தந்தாரு. ஸ்டிக்குல ஒரு ஆணி படல. இப்ப முழங்கை மடிக்கு பக்கத்துல, முன்கை தொடை மேல கெடக்கு, அசையுறது மணிக்கட்டு மட்டும். அன்னைக்கு ராத்திரியே கர்வ 30லருந்து 12க்கு எறக்குனேன். நம்பவே முடியல. அதே ஸ்டிக், அதே கேம்.

சோதிச்சது டேங்கர்ல, அதாவது வானத்துலயே எண்ணெய் நெரப்புற பிளேன்ல. எஸ்-3பி டேங்கர் பின்னாடி ஒரு குழாயும் நுனில கூடையும் தொங்கும், ஹோர்னெட்ல வலது பக்கம் மூக்குக்கிட்ட ஒரு கம்பி வெளிய வரும், அத கூடைக்குள்ள விடணும். கூடைய பாத்துக்கிட்டே போனா கட்டாயம் தப்பும், டேங்கரோட றெக்கைய பாருங்க, அத விட மூணு நாட் (மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர் கிட்ட) மட்டும் வேகம் கூட்டி மெதுவா கிட்ட போங்க, கூடை தானா வரும். அஞ்சு மாசத்துல ஒரு தடவகூட எனக்கு மாட்டல. பலகை வந்து மூணாம் நாளு மாட்டுச்சு, நாப்பது செக்கன் புடிச்சு வச்சிருந்தேன். கத்துன கத்துல அம்மா எழும்பி வந்துட்டாங்க.

கப்பல்ல எறக்குறது வேற பாடம், அதுல ஸ்டிக்க விட த்ராட்டில்தான் பேசும். சக்கரத்த எறக்குன பொறகு ட்ரிம் பண்ணி (ஸ்டிக்க விட்டாலும் அதே நிலைல நிக்கிற மாதிரி திருத்தி) ஆங்கிள் ஆப் அட்டாக், அதாவது எதிர்க்காத்துக்கு றெக்கை சாஞ்சிருக்குற கோணம், 8.1ல நிக்க வச்சிட்டா கம்ப்யூட்டர் அதையே புடிச்சுக்கும், ஒசரத்த த்ராட்டிலாலதான் கூட்டி கொறைக்கணும். டி.16000எம் சிலைடர் குட்டையானது, ஒரு மில்லிமீட்டர் தள்ளுனா போதும் மேல ஏறிரும். அதுக்கு த்ராட்டில் ஆக்ஸிஸ்ல சிலைடர் டிக் பண்ணிட்டு யூசர் கர்வ தெறந்து நடுவுல இருக்குற எடத்த மட்டும் தட்டையாக்கி விடுங்க, எறங்குறப்ப கை அங்கதான் இருக்கும். ஸ்டெனிஸ் கப்பல்ல பிளேன புடிச்சு நிறுத்த குறுக்க நாலு கம்பி, மூணாவதுல கொக்கி மாட்டணும். எனக்கு இன்னும் ரெண்டாவதுதான் அதிகமா மாட்டுது.

எல்லா பிளேனுக்கும் ஒரே நம்பர் போடாதீங்க. ஹோர்னெட்ல ஸ்டிக் றெக்கைய நேரா அசைக்கிறது இல்ல, நீங்க எவ்வளவு கேக்குறீங்கன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லுது, அது பாத்து குடுக்குது. மஸ்டாங்ல கம்பி நேரா வால்ல மூக்க ஏத்தி எறக்குற எலிவேட்டருக்கு போகுது, நெஜத்துல வேகம் கூடக் கூட ஸ்டிக் இறுகும், ஆனா நம்ம வீட்டு ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது, எப்பவும் ஒரே இறுக்கம்தான். எனக்கு ஹோர்னெட்ல பிட்ச் 12, ரோல் 10, ட்விஸ்ட் 25 டெட்சோன் 5. மஸ்டாங்ல பிட்ச் 20. சாச்சுரேஷன், அதாவது முழு அசைவுக்கு எவ்வளவு பலன்னு வைக்கிற செட்டிங், அத தொடாதீங்க, ஒய் (Y) சாச்சுரேஷன கொறைச்சா கடைசி இழுப்பே கெடைக்காம போயிரும். இத அப்படியே போடாம பூச்சியத்துலருந்து தொடங்கி ரெண்டு ரெண்டா ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே உயரம் ஒரே வேகத்துல ஒரு மலை உச்சிய குறி வச்சு மூக்க அதுலயே நிறுத்திப் பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது ரிவியூவுக்கு தேவையான்னு யோசிச்சேன், தேவைதான். நாங்க இருக்குறது தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டுன வீடுங்க, செவரு ஒண்ணுதான். பக்கத்து வீட்டு மாமா 1977 இனக்கலவரத்துக்குப் பொறகு குடும்பத்தோட கிளிநொச்சி போனவரு, யுத்தம் முடிஞ்சு திரும்பி வந்தாரு. நான் புதுசுல ஸ்பீக்கர்ல போட்டு ஆப்டர்பர்னர தள்ளுனேன், அவரு வாசல்ல வந்து நின்னாரு, திட்டல, "தம்பி, அந்த சத்தத்த கொறைங்கய்யா, கிபிர் வர்ற மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. கிபிர்ங்கிறது யுத்த காலத்துல குண்டு போட்ட ஜெட். அன்னையிலருந்து ஹெட்போன்தான். குண்டு போடுற மிஷனும் நான் எடுக்குறது இல்ல, எனக்கு கை போகல. எறக்குறது, டேங்கர், கூட்டா பறக்குறது, இதுலயே வருசக்கணக்கா படிக்க இருக்கு. நம்ம பக்கத்துல வாங்குறவங்க ஸ்டிக்கோட சேத்து ஒரு நல்ல ஹெட்போனுக்கும் காசு ஒதுக்குங்க.

வேற என்ன, கரண்ட் போற ஊருல ஒரு சின்ன யூபிஎஸ் வச்சுக்கங்க. நாம தலைய திருப்புனா கேம்ல பார்வையும் திரும்புறதுக்கு ட்ராக்ஐஆர்னு ஒரு சாமான் இருக்கு, அத வாங்க வசதி இல்லன்னா ஓபன்ட்ராக்ன்னு ஒண்ணு சும்மா கெடைக்கும், சாதாரண வெப்கேமராவே போதும், முகத்துல வெளிச்சம் மட்டும் நல்லா படணும். காசு கூட இருந்தா விகேபி மாதிரி ஸ்பிரிங் மாத்துற ஸ்டிக் பாக்கலாம், ஆனா அதையும் மேசைல வலது பக்கம் வச்சீங்கன்னா இதே கததான்.

மச்சான் பலகைக்கு காசு வாங்கல. செகண்ட் ஹேண்ட் த்ராட்டில் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுக்கு எடது பக்கத்துல இன்னொரு பலகை கேட்டிருக்கேன், பொங்கல் முடிஞ்சு வந்து அளவு எடுக்குறேன்னிருக்காரு.