‘வைக்கிங் பரம்பரை அறிக்கை’ விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஐஸ்பிஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயருக்காக ஆன்லைனில் ஒருவர் காசு கட்டி வாங்கிய அறிக்கை இது. ‘தனிப்பட்ட ஆய்வு’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வந்தது பிரேம் போட்ட குலச்சின்னம், டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணி) துண்டு, வைக்கிங் (பழைய வடஐரோப்பியக் கடலோடி) தலைவன் ஒருவனே மூதாதை என்ற கதை, ஒரு வரைபடம். திருப்பிக் கேட்டதற்கு, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது என்று பதில்.

குலச்சின்னத்திலேயே வண்டவாளம் தெரிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனி ஆளுக்கு உரியது, பெயருக்கு அல்ல. அதைப் பதிவது எடின்பரோவில் உள்ள லார்ட் லயன் நீதிமன்றம். 1672ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் செல்லும். டார்ட்டனிலும் இதே கதைதான். ஐஸ்பிஸ்டர் ஓர்க்னி, ஷெட்லாந்துத் தீவுகளின் பெயர். 1468, 1469இல் அடகாக ஸ்காட்லாந்துக்கு வரும்வரை அவை நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) ஆட்சியில் இருந்தவை. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்கிற, ஸ்காட்லாந்து மலைநாட்டின் ஹைலாண்ட் குலமுறை அங்கே கிடையாது.

பெரிய கோளாறு அந்த ‘மூதாதை’. பெயரின் பின்பாதி பழைய நார்ஸ் மொழியில் பண்ணையைக் குறிக்கும் ‘போல்ஸ்தாத்ர்’. அதாவது இது ஊர்ப் பெயர், ஆள் பெயர் இல்லை. ஓர்க்னியில் பிர்சே, ரெண்டல், சவுத் ரொனால்ட்சே, ஷெட்லாந்தில் வால்சே, நார்த் ரோ என்று பல இடங்களில் ஐஸ்பிஸ்டர் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள் ஒரே பெயரைத் தாங்கியிருக்கலாம். எல்லோரையும் ஒரே தலைவனின் வாரிசாக்குவது கட்டுக்கதை.

வரைபடத்தில் கனடா மேல் ஒரு புள்ளி. பக்கத்தில் ‘வைக்கிங் கடற்பயணம்’ என்று விளக்கம்! கனடாவில் மென்மயிர்த்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் கப்பல்கள் ஓர்க்னியின் ஸ்ட்ராம்னஸ் துறைமுகத்தில் நின்று ஓர்க்னி ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போனதால் வந்த புள்ளி அது. எடுத்துக்காட்டாக, 1822இல் கனடாவில் அந்தக் கம்பெனியின் கம்பர்லாண்ட் ஹவுஸ் நிலையத்தில் பிறந்த அலெக்சாண்டர் கென்னடி ஐஸ்பிஸ்டரின் தந்தை ஓர்க்னிக்காரர், தாய்வழியில் கனடாப் பூர்வகுடியான கிரீ இன ரத்தம்.

முறையாகத் தேட ஸ்காட்லாந்துஸ் பீப்பிள் தளம் போதும். 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு உண்டு. முதலில் இறப்புப் பதிவை எடுங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட இரு பெற்றோரின் பெயரும் அதில் இருக்கும் (தகவல் சொன்னவருக்குத் தெரிந்திருந்தால்). அடுத்து 1851 மக்கள்தொகைக் கணக்கு. பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டாரம்) அதில் கிடைக்கும். அதற்கப்புறம்தான் அந்தப் பாரிஷின் பழைய தேவாலயப் பதிவேடு. ‘ஐஸ்பெஸ்டர்’ எழுத்திலும் தேடுங்கள். ஷெட்லாந்தில் சிக்கல் கூடுதல்: 19ஆம் நூற்றாண்டிலும் தந்தை பெயரே பின்பெயராக வந்தது. ஜேம்ஸின் மகன் மாக்னஸ் ஜேம்சன், அவன் மகள் மாக்னஸ்டாட்டர். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தலைமுறையிலேயே நூல் அறுந்துவிடும்.

விற்பவரிடம் இரண்டே கேள்வி: எந்தப் பாரிஷ், எந்தப் பதிவு எண்? மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கார்டில் கட்டியிருந்தால், ‘தனிப்பட்ட ஆய்வு’ என்ற விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வந்த அறிக்கையோடு சேர்த்து வங்கியில் உடனே புகார் கொடுங்கள்.