லிட்டில் டிப்பர்: இடம் மாறிய மரக் கோஸ்டர்

சிகாகோவை அடுத்த மெல்ரோஸ் பார்க்கில் இருந்த கிட்டிலேண்ட் பூங்காவுக்காக, ஹெர்பர்ட் ஷ்மெக் வடிவமைத்து 1950-இல் ஓடத் தொடங்கிய இந்தச் சிறுவர் ரோலர் கோஸ்டரின் உயரம் 28 அடி, பாதையின் நீளம் ஏறத்தாழ 700 அடி. அளவு சிறிதெனினும், எட்டு வடிவத்தில் தன்னையே குறுக்கிட்டு ஓடும் பாதை, சின்னஞ்சிறு சரிவுகளைக்கூடக் குழந்தைகளுக்கு மலையாக்கிவிடுகிறது. சங்கிலி வண்டியை மேலே இழுக்கையில் எழும் 'கடகட' ஓசையே, என்னைக் கேட்டால், பாதி மகிழ்ச்சி.

2009-இல் பூங்கா மூடப்பட்டபோது இந்தக் கோஸ்டர் ஏலத்தில் வாங்கப்பட்டு, மறு ஆண்டே கர்னியிலுள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா என்ற கேளிக்கைப் பூங்காவில் மீண்டும் எழுப்பப்பட்டது. பழுதான பலகையை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்த மரம் இடம் கொடுப்பதால், இத்தகைய கோஸ்டர்கள் பல தலைமுறைகளைக் காண்கின்றன.