தீபாவளிக்குள் முடியுமா? எங்கள் கடைக்கு ஆர்டர் மென்பொருள் செய்து தந்தவர்களைப் பற்றி

சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருக்கும் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், "உங்க ஆர்டர் வெப்சைட்டை யார் செஞ்சு கொடுத்தது, சொன்ன நேரத்துல முடிச்சாங்களா?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. இரண்டு பேர் நடத்தும் சின்ன நிறுவனம், அலுவலகம் பாய லேபார் பக்கம். கையில் வேலை நிறைய இருப்பதால் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், எண் தருகிறேன்.

எங்களுடையது பலகாரக் கடை. வருஷம் முழுக்க வியாபாரம் இருந்தாலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்தான் எங்களுக்கு வருஷமே. ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வரும், பெரிய நோட்டில் எழுதுவோம், பணம் பேநவ்வில் (ஃபோனிலிருந்தே வங்கிக் கணக்குக்கு அனுப்பும் முறை) வரும், எது யாருடைய பணம் என்று ராத்திரி உட்கார்ந்து பொருத்திப் பார்ப்போம். இதை மாற்றத்தான் முதலில் வேறொரு இடத்தில் வேலையைக் கொடுத்திருந்தோம். "நாலு வாரம்க்கா, ஈஸி" என்றார்கள். தீபாவளி போய்விட்டது, பொங்கலும் போய்விட்டது. எப்போது கேட்டாலும் "தொண்ணூறு விழுக்காடு முடிஞ்சிருச்சு" என்பதுதான் பதில். யாரென்று எழுதப்போவதில்லை. ஆனால் அந்த நாலு வாரம் எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் காதுக்கு இனிமையாக இருக்கும் எண்ணைச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பாய லேபார் நிறுவனத்திடம் போனது 2025 மே மாதம். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதும் அந்த இருவரில் ஒருவரான தம்பி சொன்னது: "இப்பவே ஒரு தேதி சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்க்கா. ஒரு வாரம் உங்க கடையில உட்கார்ந்து பாக்குறோம். அதுக்குத் தனியா 900 வெள்ளி. முடிவுல என்னென்ன வேலை, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நாள்னு எழுதித் தர்றோம். அதை எடுத்துக்கிட்டுப் போய் நீங்க வேற யார்கிட்ட வேணும்னாலும் கொடுக்கலாம்."

நாள் கணக்குச் சொல்வதற்குக் காசா என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். அந்த 900 வெள்ளியை இன்னொரு தடவை கேட்டாலும் நான் யோசிக்காமல் கொடுப்பேன்.

தம்பியும் அவருடைய கூட்டாளியான சீனப் பெண்மணியும் வந்து கல்லாப் பக்கத்திலும் சமையலறையிலும் உட்கார்ந்தார்கள். எங்கள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அப்புறம் கேள்விகள். கலவைப் பெட்டியில் ஒருவர் லட்டு வேண்டாம் என்றால் பதிலுக்கு எது போடுவீர்கள், விலை மாறுமா? ஒரே ஆள் பணம் கட்டி மூன்று வீட்டுக்கு அனுப்பச் சொன்னால்? அதிரசம் எத்தனை கிலோ ஆர்டர் வந்ததும் நிறுத்துவீர்கள், அந்த முடிவை யார் எடுப்பது? இதற்கெல்லாம் எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் என் அத்தை ஒன்று சொல்வார், கல்லாவில் இருக்கும் பையன் இன்னொன்று சொல்வான். கடைக்குள்ளேயே முடிவாகாத விஷயத்தை மென்பொருளில் எழுத முடியாது, நாள் எல்லாம் அங்கேதான் போகிறது என்று அந்தப் பெண்மணி சொன்னார். அந்த வாரம் முழுக்க நாங்கள் வீட்டிலும் அதைத்தான் பேசினோம்.

வாரக் கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. வேலை ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று எண்கள்: எல்லாம் சரியாகப் போனால், வழக்கமாக, சிக்கல் வந்தால். வரிசையின் கடைசிக் கட்டத்துக்கு "யார் கையில்" என்று தலைப்பு, அந்த வேலை முடிவது யாரைப் பொறுத்தது என்று சொல்ல. பேநவ் வேலைக்கு 3, 5, 13 நாள் என்று போட்டிருந்தது. நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 6 நாள். இந்தக் கணக்கு 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியதாம். எனக்கு உதவியது அந்த வாய்பாடு இல்லை, மூன்றாவது எண். சிக்கல் வந்தால் 13 நாள் என்று முன்னாலேயே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், ஒன்பதாவது நாளில் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். பெரிய வேலை என்று நான் நினைத்தது முகவரி. வாடிக்கையாளர்கள் பாதி முகவரிதான் தருவார்கள், புளோக் எண் தப்பாக இருக்கும், ஓட்டுநர் ஈசூனில் சுற்றிக்கொண்டிருப்பார். அதற்கு எதிரே அரை நாள் என்று இருந்தது. சிங்கப்பூரில் அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறது, நில ஆணையத்தின் ஒன்மேப் வரைபடச் சேவையிடம் அதைக் கொடுத்தால் புளோக்கும் சாலையும் தானாக வந்துவிடும், வீட்டு எண்ணை மட்டும் கேட்டால் போதும்.

நான் சின்ன வேலை என்று நினைத்தது லேபிள். எங்கள் சமையலறையில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பெட்டி மேல் தமிழில் பெயர் இருந்தால் மாற்றிப் போட மாட்டார்கள். பெயரைத் தமிழில் அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு 2 முதல் 16 நாள் என்று போட்டு, சிவப்பு மையில் வட்டம் வேறு. காரணத்தைத் தம்பி கடையிலேயே காட்டினார். எங்கள் ரசீது பிரிண்டருக்கு "தேன்குழல்" என்று அனுப்பினார். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. அந்த வகை பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழே கிடையாது. அதனால் ஒவ்வொரு பெயரையும் முதலில் படமாக வரைந்து, அந்தப் படத்தை அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அச்சு மெதுவாகும். பெட்டிகள் வரிசையில் நிற்கும்போது அந்த வேகம் போதுமா என்பதை எங்கள் பிரிண்டரில், எங்கள் லேபிள் தாளில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் வந்த லேபிள்களில் "தே"யின் கொம்பு பாதி வெட்டுப்பட்டிருந்தது. நன்றாக வருவதற்கு 11 நாள் ஆனது, சொன்ன வரம்புக்குள்தான்.

பழைய ஆர்டர்களைப் புதிய இடத்தில் ஏற்றுவதும் அப்படித்தான். எக்செல் கோப்பு இருக்கிறதே, இழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் வரி விகிதம் மாறியிருக்கிறது: 2022 முடிய 7 விழுக்காடு ஜிஎஸ்டி, 2023இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. வரிக்கணக்குகளை ஐந்து வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2022 ரசீதைத் திறந்தால் 7தான் தெரிய வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு ஆர்டரோடும் அன்றைய விகிதத்தையும் சேர்த்து வைக்க வேண்டும், எங்கள் கோப்பில் அது தனிக் கட்டமாக இல்லவே இல்லை.

எல்லாவற்றையும் கூட்டினால் நவம்பர் நடுவில் முடியும் என்றார்கள். தீபாவளி அக்டோபர் 20. இன்னும் இரண்டு ஆள் போட்டு முடிக்க முடியாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டாராம், பின்தங்கிய மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் பின்தங்கும் என்று. புது ஆளுக்கு எல்லாவற்றையும் விளக்குவதற்கே பழைய ஆளின் நேரம் போய்விடும். எனக்கு அது உடனே புரிந்தது. அதிரச மாவுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நின்றாலும் அது பதம் வருகிறபோதுதான் வரும்.

தேதியை நகர்த்த முடியாது, வேலையைக் குறைக்கலாம், எதைக் குறைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். ஆர்டர், பணம், லேபிள் மூன்றும் முன்னால். பழைய கணக்கும் ஓட்டுநர்களின் பாதைப் பட்டியலும் தீபாவளிக்குப் பிறகு. ஜூனில் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு செய்தி வரும்: இந்த வாரம் முடிந்தது என்ன, அடுத்து என்ன, தேதி நகர்ந்ததா. நகராத வாரத்திலும் "நகரவில்லை" என்று எழுதுவார்கள். நானாக ஒரு தடவைகூட ஃபோன் போட்டு எங்கே இருக்கிறது வேலை என்று கேட்க வேண்டி வரவில்லை.

தேதி நகரவும் செய்தது. பேநவ்வில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி கியூஆர் காட்டி, பணம் வந்ததும் தானாகக் குறித்துக்கொள்ள இடையில் ஒரு பணவசூல் நிறுவனம் வேண்டும். அவர்கள் எங்கள் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். இன்னொரு ஆவணம் வேண்டும் என்று அங்கே நின்றுபோனது. "யார் கையில்" என்ற கட்டத்தில் அது வெளியார் கையில் என்று முன்பே இருந்தது. தகவல் வந்த அன்று மத்தியானமே தம்பி எனக்குச் சொல்லிவிட்டார், அது முடியும்வரை லேபிள் வேலையை முன்னால் இழுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஓட்டிவிடலாமே என்றேன். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மாற்றலாம், கூட்ட நேரத்தில் யார் சரிபார்ப்பது என்று மறுத்துவிட்டார். சரி என்று விட்டேன்.

செப்டம்பரில் அத்தைக்கு ஓர் ஆசை, பெட்டியோடு வாழ்த்து வரி அச்சடித்துத் தரலாமே என்று. "செய்யலாம்க்கா, 2லேர்ந்து 4 நாள். அதுக்கு லேபிள் சோதனையைத் தள்ளணும். எது வேணும்?" வாழ்த்தை விட்டுவிட்டோம். அக்டோபர் 1க்கு மேல் எந்த மாற்றமும் இல்லை என்று முதல் நாளே எழுதியிருந்தார்கள், அதில் கறாராக இருந்தார்கள். தீபாவளி வாரத்தில் நோட்டை நாங்கள் எடுக்கவே இல்லை. ராத்திரி பணம் பொருத்தும் வேலையும் இல்லை.

குறைகளும் உண்டு. மாலை ஆறுக்கு மேல் ஃபோன் எடுக்க மாட்டார்கள். பண்டிகை வாரத்தில் ராத்திரி பத்து வரை ஆள் வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதை ஒப்பந்தத்தில் இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமைச் செய்தி ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது, அத்தைக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தம்பிக்குத் தமிழ் நன்றாக எழுத வரும், அவர் நினைத்தால் செய்யலாம். விலையும் குறைவில்லை: முதல் பகுதிக்கு 14,500 வெள்ளி, இரண்டாவதற்கு 8,000. சின்ன நிறுவனங்களுக்கு அரசாங்கம் தரும் பிஎஸ்ஜி மானியம் ஏற்கெனவே அங்கீகரித்த மென்பொருள்களுக்குத்தான், இப்படிக் கடைக்கென்று தைத்துச் செய்வதற்குக் கிடையாது. வெறும் கல்லாவும் ரசீதும் போதும் என்றால் அந்தப் பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள், பாதிச் செலவு வரை மானியம் கிடைக்கும், சீக்கிரமும் கைக்கு வரும்.

இரண்டாவது பகுதி இப்போது நடக்கிறது. 2026 தீபாவளி நவம்பர் 8. அதற்கு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மார்ச்சுக்குள் போய்ப் பேசுங்கள். போன வருஷம் ஆகஸ்டில் போன பக்கத்துப் பூக்கடை அண்ணனிடம், "இந்த தீபாவளிக்கு எங்களால முடியாதுண்ணே" என்று உட்கார வைத்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், முன்பணம் வாங்கவில்லை.